பதில் ஆள்

"அசையாதீங்க! மூச்சைப் புடிச்சுக்கோங்க!"

டாக்டர் தரணீதரன் அதட்ட, சுடலை மூச்சை இறுக்கிப் பிடித்தார். வலது விலாவுக்குக் கீழே ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. சாதாரண ஊசி இல்லை. குடைக்கம்பி மாதிரி நீளம்.

அரை மயக்கத்தில் கண்ட கனவு என்று தள்ளிவிடாதீர்கள். திருப்பூரில், பட்டப்பகலில் நடந்தது இது. சுடலை கதை கட்டுகிற ஆளும் இல்லை.

பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் அவர். கல்லீரலில் நெல்லிக்காய் அளவு புற்றுக்கட்டி. கல்லீரலே சுருங்கிப்போயிருந்ததால் கத்தி வைத்தால் தாங்காது. ஊசி முனையைச் சூடேற்றி, கட்டியை இருந்த இடத்திலேயே பொசுக்குவது ஒன்றுதான் வழி. அதுவும் தவறினால், வெளியே காத்திருக்கும் மனைவி பாண்டியம்மாளிடம் சொல்ல டாக்டரிடம் வேறு வழி எதுவும் கிடையாது.

"ஹீட் குடுக்கறேனுங்க. அசைஞ்சா ஊசி விலகிடும். பேசவே கூடாது."

விலாவுக்குள் நெருப்பு மூண்டது. தோள்பட்டை வரை சுரீரென்று ஏறியது. கத்தவும் வழியில்லை.

அப்போதுதான் கால்மாட்டில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது.

ஜெபக்குமார். கம்பெனியில் பக்கத்து டேபிளில் அயர்ன் போடுகிறவன். ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் பதில் ஆளாக நிற்பது இருவருக்கும் வழக்கம்.

இவனை யார் உள்ளே விட்டது?

எல்லோரும் பச்சை கவுனில். இவன் மட்டும் வேலை பார்க்கிற பனியனில். ஏசிக் குளிரில் பல் கிட்டுகிறது... இவனுக்கு வியர்வை ஊற்றுகிறது. நர்ஸ் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, நாள் பூரா அயர்ன் பாக்ஸோட கெடக்குற ஆளு, இந்தச் சூட்டுக்கா முழி பிதுங்குது?" சிரித்தான். "எந்திரிங்க. இன்னிக்கு நான் நிக்கேன்."

வேண்டாம்ல...

சொல்ல வாய் வரவில்லை. தலையைக்கூட ஆட்டக் கூடாது.

ஸ்ஸ்ஸ்ஸ்... நீராவிச் சத்தம்.

வலி நின்றது. அடியோடு.

ஜெபக்குமார் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு மடங்கினான்.

சுடலை பார்த்துக்கொண்டே கிடந்தார்.

ஒரு மாதம் கழித்து ஸ்கேன். டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டி இல்லீங்க. சந்தோஷம். ஆனா, பொசுக்குன தடம் இருக்கோணுமே... அதையுங் காணோமுங்க."

வெளியே வந்ததும் சுடலை மனைவியிடம் கேட்டார்.

"ஜெபா ஏன் என்னைப் பாக்க வரவேயில்ல?"

பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"ஒடம்பு தேறட்டும்னுதான் மறைச்சோம். ஒங்களுக்கு ஊசி போட்ட அன்னிக்கே... கம்பெனியில அயர்ன் போட்டுக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டான். போயிட்டான்."

"எப்படி?"

"தெரியலன்னுதான் சொல்லுதாவ. மேல ஒரு கீறல் இல்லியாம். அறுத்துப் பாத்த டாக்டருதான் சொல்லியிருக்காரு... உள்ள, ஈரல்ல மட்டும் ஒரு எடம் வெந்து கெடந்துச்சாம்."