நாலாவது லிட்டர்

ஆயில் மாற்றுவது எளிய வேலை என்று சொல்பவர்கள் ஆயில் வாங்கக் கடைக்குப் போயிருக்க மாட்டார்கள். என் காருக்கு எந்த ஆயில் என்பது காரோடு வந்த புத்தகத்தில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. வேலைக்காலம் முழுவதும் அரசு விதிமுறைகளைப் படித்தே ஓய்வு பெற்றவன் நான், அச்சிலிருப்பதை நம்புவேன். தி.நகர் கடைக்காரர் நம்பவில்லை. "அது ரொம்பத் தண்ணியா இருக்கும் சார். எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று வேறொரு டப்பாவை நகர்த்தினார். அந்த எல்லாரும் என்ன கார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று கடை ஏறி இறங்கி, புத்தகம் சொன்னதையே வாங்கினேன்: மூன்று லிட்டர் டப்பா ஒன்று, குறைந்தால் ஊற்ற ஒரு லிட்டர் டப்பா ஒன்று.

இந்த முறை எதுவும் பிசகக்கூடாது. முன்பு பேட்டரி செத்து லஸ் முனையில் நின்றபோது, பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடிக்க, மனைவி நிதானமாகச் சொன்னாள்: "இன்னொரு தரம் நடுவழியில நின்னா வித்துடணும். அப்புறம் கால் டாக்ஸிதான்." அவள் சொன்னால் சொன்னதுதான். வாசலில் நின்றுகொண்டே போனில் வழி கேட்கும் டாக்ஸிக்காரர்களோடு மீதி வாழ்க்கையைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், வேலையெல்லாம் தெருவில். அவர் என் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்தார்.

"இன்னா சார், மோர் மாதிரி கீது. நம்ம வெயிலுக்குத் தாங்குமா?"

"வெயிலையும் யோசிச்சுத்தான் புத்தகம் போட்டிருக்கான்."

"போட்டவன் மே மாசம் இங்க வந்துகிறானா?"

பழைய ஆயில் வடிந்தது, ஃபில்டர் மாறியது. மூன்று லிட்டர் ஊற்றியதும் "போதும் சார்" என்றார். நான் இன்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

"இந்த வண்டிக்கு மூணு லிட்டர்தான் சார்."

"லிட்டர் கணக்கு உத்தேசம். கம்பி சொல்றதுதான் முடிவு. புத்தகத்துலயே இருக்கு."

நாலாவது லிட்டரை நானே ஊற்றினேன், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் கம்பியைப் பார்த்து. டப்பா காலியானபோது ஆயில் மேல்கோட்டுக்கு வந்திருந்தது.

மறுநாள் பெசன்ட் நகரில் மனைவியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். அடையாறு தாண்டும்போது பின்னால் நீலப் புகை. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா பெருசு, கொசு மருந்து அடிச்சிகினு போறியா?"

ஓரம் கட்டினேன். மனைவி கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

போன் செய்ததும் மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தார். கம்பியை உருவினார். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆயில். "இங்க ரோடு சமமா கீது சார்" என்றார். "நேத்து?"

நேற்று, அவர் கடை வாசலில், காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் நடைபாதைமேல். இந்த ஊரில் கார் நிற்பதே அப்படித்தான். என் வீட்டு வாசலிலும் அப்படித்தான். அதைச் சாய்வு என்று நான் நினைத்ததே இல்லை. சாய்வில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியதால் கம்பி குறைத்துக் காட்டியிருக்கிறது. 'சமதளத்தில் நிறுத்தவும்' என்பது புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் முதல் வரி. நான் இரண்டாம் வரியிலிருந்து கடைப்பிடித்திருக்கிறேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஆயில் ஜாஸ்தி ஆயிடுச்சிம்மா. எடுத்துட்டா ஓடும்" என்றார் மெக்கானிக்.

"யார் ஊத்தினா?"

மெக்கானிக் அவசரமாகக் காருக்கடியில் போய்விட்டார். வெளியே தெரிந்தவை கால்கள் மட்டும். அந்தக் கால்கள்மேல் பழியைப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"நான்தான்."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். "அப்ப வண்டி மேல தப்பில்லை. இருந்துட்டுப் போகட்டும்."

பிறகு டேஷ்போர்டைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இனிமே ஊத்தறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்கோ."