இடைவழியில் கேட்ட சம்மதம்

மாஸ்டர் அளவெடுக்கும்போது பேனாவைத் தொடமாட்டார். பேனாவைக் கண்டால் மனிதர்கள் வயிற்றை எக்கிக்கொள்கிறார்கள், அப்புறம் சட்டை பொத்தான் போட வரவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள் என்பது அவருடைய கட்சி. அதனால் ஊர்க்கதை பேசிக்கொண்டே டேப்பை ஓட்டுவார். அளவுகளை மனதில் ஏந்திக்கொண்டு, தையல் இயந்திரங்களுக்கு நடுவிலுள்ள இடைவழியில் நடந்து, பின்னறை வெட்டுமேசைக்குப் போய்த்தான் சாக்கட்டியால் எழுதுவார். தோளும் கையும் தவறினால் கண்ணாலேயே மதிப்பிட்டுக்கொள்வார். மார்பையும் வயிற்றையும் மட்டும் நழுவ விடமாட்டார்.

அவரைப் பெரிய கலைஞர் என்று சொல்லிவிட முடியாது. அவர் தைத்த கோட்டுகளில் சில கழுத்தில் தூக்கும். ஆனால் அளவு கலைந்துவிடக்கூடாதே என்று, அந்த இடைவழியில் யார் என்ன கேட்டாலும், இடியே விழுந்தாலும் "ம்" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

அந்த "ம்"மின் அருமையை முதலில் கண்டுகொண்டவள் அவர் மனைவி. முன்னறைச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் வந்தது அப்படித்தான். அவள் தம்பி மழைக்காலம் முழுக்க வந்து தங்கியதும் அப்படித்தான். "நான் எப்ப சரின்னேன்?" என்று அவர் கேட்டால், "டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டுப் போனீங்களே, அப்ப" என்பாள்.

மகளுக்கு இப்போது அந்த "ம்" வேண்டியிருந்தது. வெளியூர் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பதுபோல் இடைவழியோரம் உட்கார்ந்து காத்திருந்தாள். நல்லவேளையாக வந்தவர் வங்கி மேலாளர். எளிதில் மறந்துவிடக்கூடிய வயிறு அல்ல அது.

அப்பா அளந்து முடித்து, உதடுகள் அசைய நடந்து வந்தார்.

"அப்பா, எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. போகட்டுமா?"

"ம்..." என்று தொடங்கிய குரல் பாதியில் நின்றது. உதடுகளும் நின்றன.

"எங்க?"

அந்த இடத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை. ஊசி விரலில் குத்தியது. ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

அவர் வெட்டுமேசையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "போச்சு" என்றார்.

"வேலையா?"

"வயிறு."

எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று நாம் தீர்மானிப்பதாகத்தான் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் தீர்ப்பு வந்த பிறகுதான் வழக்கு நடந்ததே நமக்குத் தெரிகிறது.

அவர் திரும்பிப் போய் டேப்பை விரித்தார்.

"என்ன மாஸ்டர், அதுக்குள்ள நான் பெருத்துட்டேனா?" என்றார் மேலாளர்.

"சார் கொஞ்சம் நில்லுங்க. நீ எழுதும்மா."

மகள் பேனாவை எடுத்ததும் மேலாளரின் வயிறு உள்ளே போனது. அப்பா அளவைச் சொல்லிவிட்டு, "ரெண்டு இஞ்ச் கூட்டிப் போட்டுக்கோ" என்று முணுமுணுத்தார்.

மேலாளர் படியிறங்கிய மறுகணம், இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அம்மா ஆரம்பித்தாள். "நான் பேசினா மட்டும் நெஞ்சும் வயிறும் பத்திரமா மேசைக்குப் போய்ச் சேருது. மக பேசினா மறந்துடுதா?"

"உன் தம்பி வர்றான். வந்தா வரட்டும். இவ போறேன்கிறாளே."

அம்மா மறுபடி இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள்.

அவர் முக்காலியை இழுத்துப்போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். தங்க இடம் உண்டா, கூட யார் இருப்பார்கள், இரவு வேலை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில்களுக்கு எங்கும் "ம்" போடவில்லை. கடைசியில், "சரி, போயிட்டு வா. ஆனா இதையெல்லாம் நடக்கறப்பவா கேக்கறது? உக்கார வச்சுக் கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"உக்கார வச்சுக் கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பீங்க."

அவர் டேப்பை விரலில் சுற்றினார்.

"சொல்லியிருப்பேன்தான்" என்றார்.