ஓமந்தையில் நின்ற ரயில்

மகள் கைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். நான் குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போடாமலே தெரிந்துவிட்டது. சிவப்பு எஞ்சின், அதன் தலையில் பஞ்சுப் பொதி மாதிரிப் புகை, பின்னால் பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு ஒரு மாதம். வகுப்பறைச் சுவரில் ஒட்டி, எந்தப் பிள்ளை எந்த மாதம் பிறந்தது என்று எழுதிவைக்கிற பிறந்தநாள் ரயில். "சின்ன வகுப்பு ரீச்சர்மாருக்கெண்டே ஒரு குழு இருக்கம்மா. நல்ல நல்ல யோசனையெல்லாம் போடுகினம், ஆரும் சும்மா எடுக்கலாம். இதைப் போட்டவா ஆரெண்டு தெரியுமோ?" என்றாள். இந்த வருடம்தான் அவளுக்கு முதலாம் வகுப்புக் கிடைத்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் என்ன! நான் காம்பை ஒடித்து எறிந்தேன். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற இந்த வயதிலும் அந்த ரயிலைக் கண்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ரயிலை எங்களுக்கு முதன்முதல் காட்டினவா பி பிரிவு ரீச்சர். சமாதானம் என்று சொல்லி வவுனியாவுக்குப் போகிற பாதை திறந்து கிடந்த காலம். துணுக்காய்ப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். நீளமான ஒரு கொட்டில், நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் அரைச்சுவர். இந்தப் பக்கம் முதலாம் வகுப்பு ஏ பிரிவு, அந்தப் பக்கம் பி. ஏ பிரிவைப் பல வருடமாகக் கட்டியாண்டவள் நான். அந்த ஊரில் எந்தக் குமரும் இளந்தாரியும் முதல் எழுத்தை என் கையைப் பிடித்துத்தான் எழுதினது. அப்படியிருக்க, பி பிரிவுக்கு வவுனியாவில் இருந்து இவா வந்து சேர்ந்தா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை, நல்ல சிரித்த முகம். அந்தச் சிரித்த முகமே எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

மாதக் கடைசியில் இவா வீட்டுக்குப் போவா. அங்கே அவாவின் தமையன் இன்ரநெற் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் குந்தியிருந்து, எந்தெந்தத் தேசத்திலோ இருக்கிற ரீச்சர்மார் தங்கள் வகுப்பில் செய்துபார்த்துப் போட்டதையெல்லாம் தேடியெடுத்து, நிறத்தில் அச்சடித்துக்கொண்டு திங்கட்கிழமை வந்து இறங்குவா. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் விரித்துப் பார்ப்பார்களாம். இங்கால் வந்தால் எங்கட இயக்க ஆட்களும் விரித்துப் பார்ப்பார்களாம். "ரெண்டு பக்கமும் படத்தைப் பாத்துச் சிரிச்சவை ரீச்சர்" என்று என்னிடம் வந்து சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் கெட்டிக்காரி. அதை இல்லையென்று சொல்ல என் நாக்கு வராது. அந்தத் தாள்களில் முட்டை அடுக்குகிற அட்டையில் கொட்டை போட்டு எண்ணச் சொல்லியிருந்தால், இவா சிரட்டையில் புளியங்கொட்டை போட்டா. ஐஸ்கிறீம் குச்சி என்றிருந்தால் ஈர்க்கு. ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை வகுப்புக்கு மொனிற்றர், ஒரு பிள்ளை தண்ணீர்க்காரர், ஒரு பிள்ளை மணியடிக்கிறவர் என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்டா. என் பிள்ளைகள் அரைச்சுவருக்கு மேலால் கழுத்தை நீட்டிப் பார்த்தபடியே இருக்கும். "இஞ்சால முன்னுக்குப் பாருங்கோ" என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது. பிறகு தாய்மார் ஒவ்வொருவராக வந்து அதிபரிடம் குசுகுசுத்தார்கள், பிள்ளையைப் பி பிரிவுக்கு மாற்றலாமோ என்று. இவா எனக்கென்றும் எல்லாத் தாளிலும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டுவந்து தந்தா. நான் வாங்கி அலுமாரியில் போட்டுப் பூட்டினேன். அவா இரக்கப்பட்டுத் தந்து நான் படிப்பிக்க வேண்டிய நிலை எனக்கு இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் தாங்கலாம். தாங்க ஏலாதது, என் மகள் அந்த வருடம் முதலாம் வகுப்புக்கு வந்தது. எங்கள் அதிபருக்கு ஒரு சட்டம் இருந்தது. ரீச்சர்மாரின் பிள்ளை தாயின் வகுப்பில் இருக்கக்கூடாது, பள்ளிக்கூட வளவுக்குள் தாயை அம்மா என்று கூப்பிடவும் கூடாது, எல்லாரையும் போல ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆகவே என் ஒரே பிள்ளை, நான் தவங்கிடந்து பெற்ற பிள்ளை, அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் போய் இருந்தாள். பின்னேரம் சைக்கிள் கரியரில் இருந்து வீடு வரைக்கும் ஒரே கதை. எங்கட ரீச்சர் இப்படிச் சொன்னவா, எங்கட ரீச்சர் அப்படிச் செய்தவா. சோறு குழைத்துத் தீத்தினால், "எங்கட ரீச்சர் தானாச் சாப்பிடச் சொன்னவா" என்று வாயை மூடிக்கொள்வாள். ஒருநாள் கேட்டேன்: "அப்ப நானும் ரீச்சர்தானே?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் மற்றப் பக்கத்து ரீச்சர்" என்றாள். அன்றைக்கு நான் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது.

பிறகுதான் ரயில் வந்தது. சுவரில் ஒட்டினதைக் கண்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். இவா சறுக்கப் போறா என்று நினைத்தேன். வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோய் எவ்வளவோ காலம். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழற்றி, ஷெல்லுக்குப் பதுங்குகிற பங்கரை மூடியாயிற்று. எங்கள் பிள்ளைகள் ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. நான் எதிர்பார்த்தபடியே ஒரு பொடியன் எழும்பி, இது என்ன பஸ் என்று கேட்டான். சுருட்டைத் தலைப் பொடியன், சித்திரையில் பிறந்தவன். ரீச்சர் கரும்பலகையில் இரண்டு கோடு இழுத்து, இது தண்டவாளம், இதன்மேல்தான் ஓடும் என்றா. அவன் உடனே, "உது எங்கட பங்கருக்கு மேல கிடக்கிற இரும்பெல்லே" என்றான். வகுப்பு முழுக்க அவனோடு சேர்ந்து தலையாட்டியது. நான் அரைச்சுவருக்கு இங்கால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

இவாவோ அசையவில்லை. பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பிறந்த மாதப்படி பெட்டி பெட்டியாக, முன்னுக்கு நிற்கிற பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே வரிசை. மரத்துக்கு மரம் சோக்கால் ஊர்ப்பெயர் எழுதிவிட்டா: கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. என் மகள்தான் கார்ட், கையில் பச்சைத் துணி. ரயில் கூவிக்கொண்டு வெளிக்கிட்டது. முறிகண்டி என்று எழுதின வேம்படிக்கு வந்ததும் சுருட்டைத் தலை வரிசையை விட்டு இறங்கிவிட்டான். "ரீச்சர், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகேலாது." பஸ்ஸில் போய்ப் பழகின பிள்ளை. முறிகண்டியில் நிற்காமல், தேங்காய் உடைக்காமல், ஒரு சரை கச்சான் கடலை வாங்காமல் எந்த வாகனமும் போவதை அவன் கண்டதில்லை. மற்றப் பிள்ளைகளும் இறங்கிக் கும்பிட்டு, கல்லைத் தேங்காய் என்று உடைத்து, மண்ணைக் கச்சான் என்று மடியில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். ரீச்சரும் பேசாமல் இறங்கிக் கும்பிட்டா. அன்றைக்குப் பிறகு அந்த ரயில் முறிகண்டியில் நிற்காமல் போனதே இல்லை.

"ரயில் தேங்காய் உடைக்க நிக்கிறேல்லை" என்று வீட்டில் மகளிடம் சொன்னேன். "நான் உண்மையான ரயிலில போனனான். எனக்குத் தெரியும்." உண்மைதான். சின்ன வயதில் அப்பாவோடு மாங்குளத்தில் ஏறி அனுராதபுரம் வரைக்கும் போயிருக்கிறேன். யன்னல் கம்பியில் கன்னத்தை வைத்தால் பல்லெல்லாம் கிடுகிடுக்கும். கரித்தூள் மணம் சட்டையில் இருந்து போகாது. மகள் கண்ணை அகலத் திறந்து கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "இதை எங்கட ரீச்சருக்குச் சொல்லட்டோ? அவா சந்தோசப்படுவா" என்றாள். எனக்கு அழுகை வந்தது. நான் ஏறின ரயில், என் அப்பாவின் மடியில் இருந்து பார்த்த ரயில், அதைக்கூட ஒரு கடுதாசித் துண்டைக் காட்டி அவா என் பிள்ளையிடம் இருந்து பறித்துக்கொண்டு போய்விட்டா என்று தோன்றியது.

மகள் பிறந்தது புரட்டாதியில். ஆவணி விடுமுறைக்கு வீட்டுக்கு வெளிக்கிட்ட அன்றைக்கு ரீச்சர் அவளைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடம் துடங்கினதும் உங்கட பெட்டிதான். நெற்றில நல்ல கிரீடம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன், அடிச்சுக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனா. அந்த விடுமுறைக்குள் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியது. அவா அங்கால், நாங்கள் இங்கால்.

பள்ளிக்கூடம் தொடங்கியபோது பி பிரிவுக்கு ஆள் இல்லை. அதிபர் சட்டத்தையெல்லாம் மறந்து, இரண்டு வகுப்பையும் நீங்களே பாருங்கோ ரீச்சர் என்றார். நான் நேர்ந்துகொண்டது நடந்துவிட்டது. என் பிள்ளை என் வகுப்பில், என் கண்ணுக்கு முன்னால். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறந்தநாள் அன்று நான் அலுமாரியைத் திறந்து அவா தந்த தாள்களையெல்லாம் கிளறினேன். கிரீடம் அதில் இல்லை. பழைய கலண்டர் அட்டையை வெட்டி, பிஸ்கட் பேப்பரின் மினுக்கத்தை ஒட்டி நானே ஒன்று செய்தேன். அவாவின் கிரீடத்தைவிட இது வடிவாக இருக்க வேண்டும் என்ற ஒரே வைராக்கியம். மழையில் அழிந்துபோயிருந்த ஊர்ப்பெயர்களை மரங்களில் திரும்ப எழுதினேன். இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் சேர்த்து நீளமான ரயிலாக நிறுத்தி, முன்னுக்கு நானே எஞ்சின். உண்மை ரயில் எப்படிக் கூவும் என்று எனக்குத்தானே தெரியும், அப்படியே கூவினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முறிகண்டியில் சுருட்டைத் தலை சொல்ல முதலே நிறுத்தினேன். மாங்குளம், புளியங்குளம். என் மகளின் முகத்திலும் மெல்ல ஒரு சிரிப்பு வந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஓமந்தை என்று எழுதின பாலைமரத்தடியில் அவள் பச்சைத் துணியை மடித்துவிட்டாள். ரயில் நின்றது. "ஓமந்தை பூட்டு" என்றாள். நான் குனிந்து, இது விளையாட்டுத்தானே பிள்ளை, நாங்கள் போகலாம் என்றேன். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. "ரயில் இஞ்சயே நிக்கட்டும். எங்கட ரீச்சர் அங்கால நிக்கிறா. அவா வந்தாப்பிறகு விடுவம்" என்றாள். சுருட்டைத் தலை, "ஓம், அவா வரட்டும்" என்றான். ஒரு பிள்ளையும் முன்னுக்கு நின்ற பிள்ளையின் சட்டையை விடவில்லை. மணி அடிக்குமட்டும் அந்த வரிசை அந்த மரத்தடியில் வெயிலுக்குள் நின்றது. நானும் முன்னுக்கு எஞ்சினாக நின்றேன், என் கையில் கிரீடம். என் வாழ்க்கையில் ஒரு மனுசியில் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. அவா அங்கே இருக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விரிக்கப் போவதில்லை. நாங்கள் வெளிக்கிட்டோம், பிறகும் வெளிக்கிட்டோம். ஊர் ஊராகப் போன இடமெல்லாம் மரத்துக்குக் கீழே பிள்ளைகளை இருத்திச் சிரட்டையும் புளியங்கொட்டையும் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் வரிசை கட்டையாகிக்கொண்டு வந்தது. சுருட்டைத் தலை நாலாம் வகுப்புக்குப் போகவில்லை. விசுவமடுவில், நாங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்தவன். ஷெல் அதற்கு மேல்தான் விழுந்தது.

குழுவில் இருந்து ரீச்சரின் இலக்கத்தை எடுத்து மகள் அன்றைக்கே கதைத்தாள். நான் முருங்கையிலையோடு இருந்து கேட்டேன். ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர் என்று குரலெல்லாம் குழந்தைக் குரலாகிவிட்டது. அரை மணித்தியாலம் சிரிப்பு. பிறகு, "அம்மாவோட கதைக்கப் போறாவாம்" என்று என் காதில் வைத்தாள்.

"சுகமோ ரீச்சர்?" என்றா. அதே சிரித்த குரல். பாதை பூட்டின பிறகு கிரீடத்தையும் கொண்டு ஓமந்தை வரைக்கும் வந்து வந்து திரும்பினதைச் சொன்னா. "உங்களில எனக்குச் சரியான பொறாமை ரீச்சர்" என்றா. "நான் இஞ்ச நிக்க, நீங்கள் என்ர பிள்ளையளோட கடைசிமட்டும் நிண்டனீங்கள். அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கேல்லை."

நிண்டனான்தான் என்றேன்.

"எங்கட சித்திரைப் பெட்டிப் பொடியன், முறிகண்டியில தேங்காய் உடைக்க நிண்டவன், அவன் இப்ப என்ன செய்யிறான் ரீச்சர்? கலியாணம் கட்டியிட்டானோ?"

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கிறான் ரீச்சர்" என்றேன். மகள் தரையில் சிந்தின இலையைப் பொறுக்கத் தொடங்கினாள். அங்கால் ரீச்சர், "எனக்குத் தெரியும், அவன் கெட்டிக்காரன்" என்று சிரித்தா. மற்றப் பிள்ளைகளையும் மாதம் மாதமாக விசாரித்தா. எல்லாருக்கும் நான் அதே பதிலைச் சொன்னேன். அவாவுக்கு அந்தப் பிள்ளைகள் ஒருவரும் குறையாமல், ஆறு வயதில், சட்டையைப் பிடித்தபடி இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு அவாவில் வந்த பொறாமை, அன்றைக்கு ஓமந்தை மரத்தடியில் வந்ததைவிடப் பெரிது.

திரையில் மறுபடியும் அந்தச் சிவப்பு எஞ்சின் வந்தது. வெளியே, இப்போது கிளிநொச்சியில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஓடுகிற பின்னேர ரயில் கூவிக்கொண்டு போனது. அது தெற்கே எந்தத் தடையும் இல்லாமல் ஓமந்தையைக் கடந்து போய்விடும்.

"வகுப்புச் சுவரில பன்னிரண்டு பெட்டியும் போடட்டோ அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"போடு. ஒண்டையும் விடாத" என்றேன். "முறிகண்டியில நிப்பாட்ட மறந்திடாத."