நாற்பத்து மூன்று இருமல்கள்

அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது கல்யாண வீடியோ கடை முதலாளி. எட்டு வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்து ஊரார் கல்யாணங்களை வெட்டி ஒட்டினாள். மாப்பிள்ளையின் தும்மல், மூக்கைக் குடையும் சித்தப்பா, தோழிப் பெண் வாயைப் பிளந்து விட்ட கொட்டாவி எல்லாம் அவள் கை பட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். "இவ வெட்டினா எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பம்தான்" என்பார் முதலாளி.

அந்த வேலையை உதறிவிட்டு, நாலு பேருக்கு உபயோகமான படம் எடுக்கப் போகிறேன் என்று ஒரு நாள் கிளம்பினாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடுத்தவங்க வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு கேமராவைத் தூக்கிட்டு ஓடற. நம்ம வீட்டுக் கூரையை யாருடி வந்து படம் எடுப்பா?" அம்மா கேட்டது நியாயம்தான். இவள் போனதும் நியாயம்தான். கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தாள். கழிப்பறை வந்தது, அதற்குக் கதவு வர இன்னொரு படம் எடுக்க வேண்டியிருந்தது. இப்படியே பத்து வருடம் ஓடியதில் தலை நரைத்தது, அவள் மேல் கொஞ்சம் பேருக்கு நம்பிக்கையும் வந்தது. அந்த நம்பிக்கையில்தான் பாலீஷ்காரர் அவளுக்குச் சொல்லி அனுப்பினார்.

தரைக்குப் போடும் கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பட்டறையில் அவருக்கு முப்பது வருட வேலை. கல்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. அவரோடு சேர்த்து எட்டுப் பேருக்கு இதே கதி. தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் வைத்தால் தூசி பறக்காது. பட்டறை முதலாளியோ, எல்லாம் சிகரெட் குடித்த இருமல் என்று கைகழுவிவிட்டார். இயந்திரம் வைக்க வேண்டும், எட்டுப் பேருக்கும் உடனே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள். விசாரணைக் குழு உட்காரும் இடம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாலீஷ்காரரால் நாலு படி ஏற முடியாது. மற்ற ஏழு பேரும் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பவர்கள். வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும். ஆகவே அவர் பேசுவதை ஐந்து நிமிடப் படமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று குழு சொன்னது. எட்டு உயிருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் சாட்சி.

அவர் வீடு ஒரே அறை. தெருச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினாள். பாத்திரம் தெரியாமல் கூட ஓசைப்படக் கூடாது என்று அவர் மனைவி அடுப்பு மேடை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் பேச ஆரம்பித்தார். ரெண்டு வார்த்தை வந்தது, பிறகு இருமல். ஒரு விரலைத் தூக்கி, கொஞ்சம் இரு என்று காட்டிவிட்டு, குனிந்து இருமினார்.

"நான் ரெண்டு வார்த்தை பேசினா இது நாலு வார்த்தை பேசுதும்மா. படத்துல இதோட பேரைத்தான் பெரிசா போடணும்போல" என்று சிரித்தார். சிரித்ததற்கும் சேர்த்து இருமினார்.

"நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்கண்ணே. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். நாற்பத்தேழு நிமிடத்தை ஐந்தாக்க வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், கல்யாண வீடியோ பழக்கம் எங்கே போகும்? ஒவ்வொரு இருமலாக எடுத்தாள். எடுத்த இடத்தில் அவர் கையைக் காட்டும் காட்சியை வைத்தாள், சாத்திய ஜன்னலை வைத்தாள், பளபளக்கும் கல்லை வைத்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று இருமல்கள். ஒரு தடமும் தெரியவில்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

போனில் போட்டுக் காட்டியபோது பாலீஷ்காரர் குழந்தை மாதிரி சிரித்தார். "அட, நானா இது! வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படித்தான் பேசுவேன்." அவர் மனைவி இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

குழுத் தலைவர் கெட்டவர் இல்லை. படத்தை முழுசாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "பாவம், விவரமா பேசறார். ஆனா அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்காம பேசறவரை அவசர நோயாளின்னு எப்படிம்மா எழுதறது? அடுத்த அமர்வுல பார்க்கலாம்."

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது புரிந்தது. எழுந்து, "சார், அவர் இருமுவார்... நான்தான் வெட்டிட்டேன்" என்றாள்.

பட்டறை முதலாளியின் வக்கீல் மெதுவாகத் திரும்பினார். "அப்படியா? இன்னும் என்னென்ன வெட்டினீங்க?"

இனி எதைச் சொன்னாலும் படமே பொய் என்றாகிவிடும். உட்கார்ந்துவிட்டாள். அடுத்த அமர்வு நான்கு மாதம் கழித்து.

நேராகப் பாலீஷ்காரர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் விரலைத் தூக்கி, இருமி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "விடும்மா. முப்பது வருஷமா கீறல் தெரியாம தேய்ச்சவன் நான். நீயும் உன் வேலையை நல்லாத்தான் செஞ்சிருக்க."

அமர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார். ஊரில் யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் மட்டும் தன்னை மன்னிக்கவில்லை.

இந்த முறை கத்தரியை எடுக்கவே இல்லை. நாற்பத்தேழு நிமிடத்தையும் அப்படியே காட்ட அனுமதி கேட்டு வாங்கினாள். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கடைசிவரை ஒருவரும் தேநீரைத் தொடவில்லை. வக்கீல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே உத்தரவு வந்தது. இயந்திரம், வைத்தியம் எல்லாம் உண்டு. மனுவில் எட்டுப் பேர் என்று இருந்ததைத் தலைவர் பேனாவால் அடித்து ஏழு என்று திருத்தினார்.

உத்தரவையும் முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டு அந்த ஒற்றை அறைக்குப் போனாள். அவர் மனைவி உத்தரவை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். படம் ஓட ஆரம்பித்தது. ரெண்டு வார்த்தை, பிறகு முதல் இருமல். அவர் மனைவி சட்டென்று போனைக் கவிழ்த்துவிட்டாள்.

"வேண்டாம்மா."

"அண்ணி, இதுதான் உண்மையான படம். இதைப் பார்த்துத்தான்..."

"தெரியும். பதினோரு வருஷம் இதைக் கேட்டுக்கிட்டுத்தானே பக்கத்துல படுத்திருந்தேன். அந்தப் பழசு இருக்கா? அஞ்சு நிமிஷப் படம்?"

அழித்துவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தும் அழிக்காமல் வைத்திருந்தாள். எடுத்துப் போட்டாள். பாலீஷ்காரர் தடங்கல் இல்லாமல் பேசினார். மனைவி போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டாள்.

"பாரேன், எவ்வளவு நல்லா பேசறார். இதையே என் போன்ல போட்டுக் குடும்மா."

போட்டுக் கொடுத்தாள். அது மறுபடியும் ஓடியது. கை வந்தது, சாத்திய ஜன்னல் வந்தது, பளபளக்கும் கல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அண்ணி சிரித்தாள். பக்கத்தில் இவள் உட்கார்ந்து, எடுத்த இடம் ஒன்றுவிடாமல் தெரியுமாதலால், நாற்பத்து மூன்று இருமலையும் கேட்டு முடித்தாள்.