பம்புசெட் இல்லாத மலை

எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். அந்தத் தைரியத்தில், பார்த்தேயிராத கொல்லிமலைக்குப் போனிலேயே சைக்கிள் பாதை போட்டேன். தூரத்தைப் பார்த்தேன், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. வழியெல்லாம் பம்புசெட் இருக்குமென்று எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கு ஒரே பாட்டில் தண்ணீர்.

பாதி மலையில் அதுவும் தீர்ந்தது. அவள் சைக்கிளோடு சரிந்தாள். "கண்ணு இருட்டுதுங்க..."

போனில் சிக்னல் இல்லை. பழக்கதோஷத்தில், எங்காவது மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். கேட்டது. மலையிறங்கி வந்த ஒரு வேன். சாலை நடுவே நின்று கைகாட்டிக் கத்தினேன். ஒதுங்கி, நிற்காமல் போய்விட்டது.

சற்று நேரத்தில் அதே வேன் மேலே ஏறி வந்தது.

"இறக்கத்துல, வளைவுல நிறுத்த முடியாதுங்க. கீழ போய்த்தான் திருப்ப முடிஞ்சுது," என்றபடி டிரைவர் தண்ணீர்க் கேனை நீட்டினார்.

எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. அதுவரை அதே வாயால் அவரைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன்.