யு ஸ்பெஷல் பஸ்ஸில் ஒரு நாள்

போன வாரம் தென்காசியிலிருந்து ஒரு போன். சித்தப்பா மகனின் பேத்தி. ஏதோ இன்டர்வியூவுக்காக டெல்லி வருகிறாளாம். "தாத்தா, ரெண்டு நாள் இருப்பேன். அங்க என்னல்லாம் பாக்கலாம்?" என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் எனக்கு முழங்கால் வலித்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் வாலிபம் போயிற்று ஐயா, உங்களுக்கென்ன, சிரிப்பீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் மத்திய சர்க்கார் குமாஸ்தா. கரோல் பாக்கில் மொட்டை மாடியில் ஒற்றை அறை. பர்சாத்தி என்பார்கள். வெயிலும் குளிரும் முதலில் அங்கே வந்துவிட்டுத்தான் கீழ்வீடுகளுக்குப் போகும். ஊரில் யார் டெல்லிக்கு ரயிலேறினாலும் என் விலாசம் அவர்கள் சட்டைப்பையில் இருக்கும். முறுக்கு டின்னோடும் ஸ்வெட்டர் இல்லாத உடம்போடும் வந்து இறங்குவார்கள். என்னிடம் இருந்த ஒரே ரஜாயை, அதாவது பஞ்சு வைத்த போர்வையை, அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நான் இரண்டு வேட்டியைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு படுப்பேன். காலையில் செங்கோட்டை, பிர்லா மந்திர், குதுப் மினார். குதுப் மினாரை நான் பார்த்த அளவுக்கு அதைக் கட்டியவனே பார்த்திருக்க மாட்டான்.

சில இடங்களுக்கு ஃபட்ஃபட்டியில் போவோம். பழைய மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு ஒரு பெட்டியைப் பூட்டி, ஆறேழு பேரை அடைத்துக்கொண்டு படபடவென்று போகும் வண்டி. இறங்கினபின்னும் உடம்பு ஆடிக்கொண்டிருக்கும், சட்டையில் புகை நாறும். வசந்தாவையும் அதில்தான் கூட்டிப்போனேன், அந்தப் புகையை நினைத்தால் எனக்கு அவள் ஞாபகம் வந்துவிடுகிறது.

வசந்தா என் தங்கை. பி.எஸ்ஸி. கணக்கு முடித்த கையோடு அம்மா அவளை டெல்லி பார்க்க அழைத்து வந்தாள். பெயருக்குத்தான் டெல்லி பார்க்க. அப்போது இங்கே நம்மவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளைப் பையனுக்கு லீவு கிடைத்து ஊருக்குப் போவது பெரும்பாடு. அதனால் பெண்ணை இங்கே வரவழைத்து, ஊர் சுற்றிக் காட்டும் சாக்கில் பையனையும் கூட அனுப்பிவிடுவார்கள். சொஜ்ஜி பஜ்ஜி கிடையாது. பிடித்தால் கல்யாணம், பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை, தாஜ்மகால் பார்த்தது மிச்சம்.

பையன் ராமசுப்பு. வேறொரு மினிஸ்ட்ரியில் குமாஸ்தா, எங்கள் தெருவிலேயே குடியிருந்தான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வசந்தா ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, நான் இங்க எம்.எஸ்ஸி. படிக்கணும். அதுக்கு அவர் சம்மதிச்சா எனக்கும் சம்மதம். நீதான் கேட்டுச் சொல்லணும்."

"முதல்ல ஊரைப் பாரு" என்றேன்.

குதுப் மினார் பக்கத்தில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறதல்லவா, அதற்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் பின்னால் வளைத்துத் தூணைக் கட்டிக்கொண்டு விரல்களைச் சேர்த்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். அப்போது அதைச் சுற்றி வேலி கிடையாது, யார் வேண்டுமானாலும் கட்டிப் பிடிக்கலாம். ராமசுப்பு முயன்றான். குட்டைக் கை, எட்டவில்லை. வசந்தா செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணின் மேடையில் ஏறி நின்றாள். நீளக் கை அவளுக்கு. விரல்கள் சேர்ந்துவிட்டன. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, கல்யாணம் முடிந்த மாதிரியே பூரித்துப்போனாள். "என்னட்டி நினைச்ச?" என்று கேட்டாள். வசந்தா என்னைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

மறுநாள் ஆக்ரா போவதாக ஏற்பாடு. தனக்கு யுனிவர்சிட்டிதான் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றுவிட்டாள். "அங்க என்னங்க இருக்கு பாக்க?" என்றான் ராமசுப்பு. வருஷக்கணக்காக டெல்லியில் இருந்தும் அவனும் போனதில்லை, நானும் போனதில்லை. அம்மா குளிருக்கு பயந்து ரஜாய்க்குள் இருந்துவிட்டாள். மாணவர்களுக்கென்று தினமும் காலையில் ஒரு பஸ் வரும், யு ஸ்பெஷல் என்று பெயர். அதில் ஏறினோம். உள்ளே ஒரே பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. பெல்பாட்டமும் கைப்பின்னல் ஸ்வெட்டருமாகப் பெண்கள் படியில் நின்றார்கள். கண்டக்டர் எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிட்டான்.

அங்கே புல்தரையெல்லாம் பையன்களும் பெண்களும் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தார்கள். வேர்க்கடலைத் தோல் இறைந்து கிடந்தது. ஒருவன் மரத்தடியில் நின்று யாரையோ ஒழிக என்று கத்திக்கொண்டிருந்தான், கேட்க நாலு பேர் இருந்தார்கள். நான் டீ சொல்லிவிட்டுத் திரும்பினால் வசந்தாவைக் காணோம். தேடிப் போனால், ஒரு காலேஜுக்குள் நுழைந்து, ஏதோ ஒரு கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போகிறார். ஒருவரும் அவளை ஏனென்று கேட்கவில்லை.

நானும் ராமசுப்புவும் வெளியே காத்திருந்தோம். அப்போதுதான் கேட்டேன். அவன் டீயை ஊதிக்கொண்டே, "படிக்கட்டும் மச்சான், நல்லதுதானே" என்றான். மணியடித்து வந்தவளிடம் நான் அதைச் சொன்னேன். அன்றைக்குப் போல அவள் முகம் மலர்ந்து நான் பிறகு பார்த்ததில்லை.

கல்யாணம் ஆயிற்று. முதல் வருஷம் மசக்கை. அடுத்த வருஷம் மாமியாருக்குப் பக்கவாதம், இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் இரண்டாவது பிள்ளை. "அடுத்த வருஷம் பாப்போம் வசந்தா" என்பான் ராமசுப்பு. பொய் சொல்கிறவன் இல்லை, ஒவ்வொரு வருஷமும் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். காய்கறி வாங்குவான், குழந்தைக்குத் துணி அலசுவான். அவனைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது, அதுதான் எனக்கு ஆற்றாமை. காலையில் பால் பூத் வரிசையில் அவள் பாட்டில்களோடு நிற்கும்போது யு ஸ்பெஷல் அந்த வழியாகத்தான் போகும். அதில் ஏறுகிற பிள்ளைகள் முதலில் அவள் வயதாக இருந்தார்கள். பிறகு அவளை ஆன்ட்டி என்றார்கள். எப்போது அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள் என்று எனக்கு நினைவில்லை.

ராமசுப்பு இப்போது இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். வசந்தா மயூர் விஹாரில் எங்கள் மாடிக்கு அடுத்த மாடி. தென்காசிப் பெண் வந்தாள், இன்டர்வியூவையும் முடித்தாள். நான் செங்கோட்டை, குதுப் மினார் என்று வழக்கமான பாட்டைப் பாட ஆரம்பித்தேன். வசந்தா குறுக்கிட்டு, "யுனிவர்சிட்டிக்குப் போவோம் அண்ணே" என்றாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு.

மெட்ரோவில் போனோம், ராஜீவ் சௌக்கில் மாறி. யு ஸ்பெஷலையும் ஃபட்ஃபட்டியையும் பற்றிச் சொன்னேன், அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே "அச்சா" என்றாள், வந்து இரண்டு நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். இரும்புத் தூணுக்குக் கூட வேலி போட்டுவிட்டார்கள், அதையும் சொன்னேன்.

அந்தக் காலேஜ் வாசலில் இப்போது இரும்புக் கதவு. காவலாளி கார்டு கேட்டான். எங்களிடம் என்ன கார்டு இருக்கும், சீனியர் சிட்டிசன் கார்டுதான். அவன் மரியாதையாகவே, "மாதாஜி, கிஸ்ஸே மில்னா ஹை?" என்றான். யாரைப் பார்க்க வேண்டுமாம்.

வசந்தா கதவுக் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "யாரையும் இல்ல பையா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மெட்ரோ படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது சொன்னாள்: "அன்னைக்கு ஒருத்தரும் கேக்கலியே, அண்ணே. நான் பேசாம அங்கயே உக்காந்திருக்கலாம்."