பனித்துளைக்குள் ஆறு மீன்கள்

வியாழக்கிழமை தபாலில் போட்ட வாழ்த்து அட்டை திரும்பி வராவிட்டால் ஆர்டிஸ் நைக்வெஸ்டுக்கு அந்த வாரம் நல்ல வாரம். ஆறு வருடமாக மகனைப் பற்றி அவளுக்குக் கிடைத்துவந்த செய்தி அது ஒன்றுதான்.

மகன் டாரின், மேற்கே காரில் மூன்றரை மணி நேரம் போனால் வரும் சிறையில் இருந்தான். பதினெட்டு வருடத் தண்டனை. கடிதம் எழுத மாட்டான், போன் செய்ய மாட்டான். யார் யார் தன்னைப் பார்க்க வரலாம் என்று கைதி எழுதிக் கொடுக்கும் பட்டியலில் அம்மாவின் பெயரை முதல் மாதமே அடித்துவிட்டான். தபால் அனுப்ப அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் வரும் தபாலை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றால் அது சிவப்பு முத்திரையோடு அனுப்பியவர் வீட்டுக்கே வந்துவிடும். அதற்காகவே உறையின் இடது மூலையில் தன் முகவரியை ஆர்டிஸ் பெரிதாக, தெளிவாக எழுதுவாள்.

“மிஸஸ் நைக்வெஸ்ட், பக்கத்து மாநிலத்துலேர்ந்து படிக்கலாம் போல இருக்கு உங்க அட்ரஸ்” என்பான் தபால் அலுவலக ஜன்னலில் இருக்கும் ராய்ஸ்.

“உன் கண்ணாடிய மாத்துற வரைக்கும் இப்படித்தான் எழுதுவேன்” என்பாள் அவள்.

ஒரே ஒரு தடவை ஓர் அட்டை திரும்பி வந்தது. முதல் மாதத்தில். அன்று அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறையைப் பார்த்தாள். மகன் மறுத்திருக்கவில்லை. ஜிகினாத் தூள் கூடாது என்று சிறையின் தபால் அறைக்காரர்கள் சீட்டு வைத்திருந்தார்கள். அதன் பிறகு ஜிகினா, ரிப்பன், பொத்தான் எதுவும் கிடையாது. காகிதம், மை, பசை, அவ்வளவுதான்.

ஹோல்ம் லேக் ஊரின் முதியோர் இல்லத்தில் முப்பத்தெட்டு வருடம் ஆர்டிஸ் பராமரிப்பு வேலை பார்த்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது, படுக்கைப் புண் வரும் அறிகுறியாகக் குதிகாலில் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது, எவ்வளவு சாப்பிட்டார்கள், எவ்வளவு மூத்திரம் போனார்கள் என்று தாளில் குறிப்பது. கணவன் மெர்லினின் கடைசி மூன்று மாதமும் அதே இல்லத்தில்தான் கழிந்தது. அவனைக் குளிப்பாட்டியதும் அவள்தான், அன்றைய குறிப்பு எழுதியதும் அவள்தான். நினைப்பதை எழுதாதே, பார்த்ததை எழுது என்பது அந்த வேலையின் முதல் பாடம்.

அந்தப் பாடம்தான் மகனை அவளிடமிருந்து பிரித்தது. ஒரு ஜனவரி மாலை டாரின் அவள் சமையலறையில் உட்கார்ந்து குடித்தான். சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அவன் வைக்கவில்லை. ஏரிச் சாலையில், பள்ளிக்கூடக் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்த தம்பதியின் கார் மீது மோதினான். இருவரும் அங்கேயே இறந்தார்கள். விசாரணையில் கேட்டபோது எத்தனை கிளாஸ், எத்தனை மணிக்கு, எழுந்தபோது எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான் என்று ஆர்டிஸ் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். நீதிமன்றத்தில் டாரின் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஒரு கிளாஸைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. பிறகு ஆறு வருடம் அதையே நினைத்தாள். குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றும், முடியாது என்றும் தோன்றும்.

அட்டை செய்வதற்கு அவளை இழுத்துப் போனவள் லவான். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தவள், வாய் ஓயாதவள். லூதரன் சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் வியாழக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு வெட்டும் பலகை, முத்திரைக் கட்டைகள், மைப் பெட்டி, நடுவில் எலுமிச்சைக் கேக் துண்டுகளும் நீர்த்த காப்பியும். வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கும் துக்கம் நடந்த வீடுகளுக்கும் சர்ச் அனுப்பும் அட்டைகள் எல்லாம் அங்கே பிறந்தவைதான். ஒரே ஆளுக்கு ஒரே அட்டை இரண்டு தடவை போய்விடக்கூடாது என்பதற்காக, எதை யாருக்கு அனுப்பினோம் என்று எல்லோரும் நோட்டு வைத்திருப்பார்கள். ஆர்டிஸின் நோட்டில் ஒரே பெயர்தான் பக்கம் பக்கமாக இருந்தது.

பிப்ரவரியில் டாரினின் பிறந்தநாள். அதற்கு மட்டும் அசையும் அட்டை. உறைந்த ஏரி, அதில் மீன் பிடிக்கப் பனிக்கட்டியில் போட்ட ஒரு துளை, துளையருகே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருக்கும் சிறுவன். ஓரத்தில் நீட்டியிருக்கும் காகித நாக்கை இழுத்தால் துளைக்குள்ளிருந்து பச்சை முதுகு மீன் ஒன்று மேலே வரும். ஒவ்வொரு வருடமும் மீன் கொஞ்சம் பெரிதாகும். தபாலில் நாக்கு தானாக நழுவிவிடாமலிருக்க, அதை முழுவதும் வெட்டாமல் ஒரே ஓர் இடத்தில் முடியளவு காகிதத்தை விட்டுவைப்பாள். முதல் தடவை இழுக்கும்போது அது சின்னச் சத்தத்தோடு அறுந்துகொள்ளும். ஒருமுறை அறுந்தால் ஒட்டாது.

லவானுக்கு மட்டும் கை சும்மா இருக்காது. யாருடைய அட்டையைப் பார்த்தாலும் இழுத்துவிடுவாள்.

“ஏன்டி, கைய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? அறுத்துட்டியே!”

“மீன் வருதான்னு பாக்க வேணாமா? வராம மாட்டிக்கிச்சுன்னா பிள்ளை ஏமாந்துருவான்ல.”

“நாப்பத்தஞ்சு வயசுப் பிள்ளை.”

“அதுக்கென்ன? மீனுக்கு வயசு தெரியுமா?”

ஆர்டிஸ் புதிதாக இன்னொரு நாக்கு வெட்டுவாள்.

ஆறாவது மீனை அனுப்பிய பிப்ரவரி முடிவதற்குள் சிறையிலிருந்து அச்சடித்த தாள் வந்தது. காகிதத்தில் போதை மருந்தை ஊறவைத்து உள்ளே அனுப்புகிறார்களாம். மார்ச் முதல் தபால் எதுவும் நேரே சிறைக்கு வரக்கூடாது. வேறு மாநிலத்தில் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே படமெடுத்து, கைதியின் டேப்லெட் கணினிக்கு அனுப்புவார்கள். மூலத்தை அழித்துவிடுவார்கள். கையால் செய்த அட்டை, ஒட்டிய காகிதம், மடிப்புக்குள் மடிப்பு எதுவும் ஏற்கப்படாது.

அவள் போன் செய்தாள். நாற்பது நிமிடம் வாத்திய இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

“படம் போடாம, வெறும் தாளில எழுதினா?”

“அது போகும்மா. ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க. கறுப்பு மை.”

“அவன் வேணாம்னு சொன்னா திரும்பி வருமா?”

“எதுவும் திரும்பி வராதும்மா. ஸ்கேன் ஆனதும் அழிச்சிருவாங்க.”

“அப்ப அவன் பாத்தானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பெண் சற்றுத் தயங்கினாள். வேலைக்குப் புதிது போலிருக்கிறது. “அவர் உங்களுக்கு எழுதினா தெரியும்மா” என்றாள்.

ஆர்டிஸ் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பெண் மேல் கோபமில்லை. கெட்ட செய்தி சொல்லும் வேலையைத் தானும் செய்திருக்கிறாள், அதில் குரலைச் சரியாக வைப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

ஏப்ரலில், ஏரியில் பனிக்கட்டி கரையை விட்டு விலகிக்கொண்டிருந்த வாரம், ஒரு பெட்டி வந்தது. ராய்ஸே காரில் கொண்டுவந்து வாசலில் வைத்தான். அனுப்புநர் இடத்தில் சிறையின் பெயர். ராய்ஸ் எதுவும் கிண்டல் செய்யாமல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் கேக் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த லவான்தான் கத்தியை எடுத்துப் பெட்டியின் டேப்பை அறுத்தாள். உள்ளே அட்டைகள். ஆறு வருட அட்டைகள் அத்தனையும், ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக. மேலே ஒரு சீட்டு: ஒட்டிய காகிதங்கள் இனி அறையில் வைத்திருக்கக் கூடாது. கீழே இரண்டு கட்டம். ‘அழிக்கவும்’ காலியாக இருந்தது. ‘வீட்டுக்கு அனுப்பவும்’ என்பதில் ஒரு குறி.

“பாத்தியா!” என்றாள் லவான். “ஒண்ணு விடாம வச்சிருந்திருக்கான். அழிக்கச் சொல்லாம உனக்கே அனுப்பச் சொல்லியிருக்கான். ஆர்டிஸ், அழணும்னா அழுடி, நான் பாக்கல.”

ஆர்டிஸ் அழவில்லை. ஓர் அட்டையை உருவி எடுத்தாள். ஆறு வருடம் அவன் கையில் இருந்தவை இவை. மூக்கருகே கொண்டுபோனாள். பசை வாசனைதான் வந்தது, கடையில் வாங்கிய புதுப் பசையின் வாசனை.

கட்டுகளைப் பிரித்துப் பிறந்தநாள் அட்டைகளை மட்டும் தேடி எடுத்தாள். ஆறையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குதிகால் தோலைப் பார்ப்பது போல ஒவ்வொரு நாக்கின் ஓரத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

முதல் வருட அட்டையில் முடியளவு காகிதம் அப்படியே இருந்தது.

இரண்டாவதிலும் இருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதைப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தாள். அதிலும் இருந்தது. ஒரு மீனும் வெளியே வந்ததில்லை.

மற்ற அட்டைகளையும் பிரித்துப் பார்த்தாள். தினமும் நிறுத்திவைத்துப் பார்த்த அட்டை மடிப்பில் தளர்ந்து வாய் பிளந்து நிற்கும், வெளிச்சம் பட்ட பக்கம் வெளுத்திருக்கும். இவை வாய் மூடிக் கிடந்தன. சிறையின் தபால் அறையில் யாரோ ஒரு தடவை திறந்து உதறிப் பார்த்ததோடு சரி.

“சுவத்துல ஒட்ட விடமாட்டாங்களோ என்னமோ” என்றாள் லவான்.

“நாக்க இழுக்கவுமா விடமாட்டாங்க?”

“ஆனா தூக்கிப் போடலயே. அந்தக் கட்டத்துல…”

“நல்லாப் பாரு. அந்தக் குறி பேனாவில போட்டதில்ல. தாளோட சேர்ந்து அச்சடிச்சது. அழிக்கச் சொல்லணும்னா அவன் கைப்பட மாத்திக் குறிக்கணும்.” சீட்டை மடித்து வைத்தாள். “சின்ன வயசுலேர்ந்தே ஒரு ஃபாரத்த நிரப்பினவன் இல்ல.”

லவான் சிரிக்க முயன்று, முடியாமல், காப்பி போட எழுந்துபோனாள்.

அட்டை திரும்பி வராத ஒவ்வொரு வாரத்தையும் ஆர்டிஸ் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவனோ மறுக்கக்கூட மெனக்கெடவில்லை. வந்ததைப் பெட்டியில் போட்டான், அவ்வளவுதான். பார்த்ததை எழுது என்று படித்தவள், ஆறு வருடம் பார்க்காததை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை அந்தப் பெட்டியை நிலவறைக் கூடத்துக்குத் தூக்கிப் போனாள். பழைய அட்டையின் முன்பக்கம் நன்றாக இருந்தால் வெட்டி, புது அட்டையில் ஒட்டி மறுபடி அனுப்புவது அவர்கள் வழக்கம். நல்ல காகிதம் வீணாகக் கூடாது. ஆர்டிஸ் கத்தியை மடிப்பில் வைத்துத் தள்ளினாள். படம் இருந்த பாதி வலது பக்கம் விழுந்தது. ‘அன்புடன் அம்மா’ என்று எழுதிய பாதி இடது பக்கக் குப்பைப் பைக்குள். கை வேகமாகப் போனது.

“நான் வெட்ட மாட்டேன்டி” என்றாள் லவான். “என்னால முடியாது.”

“சரி, நீ ஒட்டு. பசைய ஓரம் வரைக்கும் தடவு, போன வாரம் ஒட்டினது பூரா உரிஞ்சு வந்துச்சு.”

மத்தியானத்துக்குள் நோயாளிகளுக்கான அலமாரி ஒரு வருடத்துக்கு நிறைந்துவிட்டது. கடைசியில் ஆறு பிறந்தநாள் அட்டைகள் மிஞ்சின. லவான் தானாகவே கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஆர்டிஸ் முதல் அட்டையின் நாக்கைப் பிடித்து இழுத்தாள். சின்னச் சத்தம். மீன் வந்தது. அடுத்ததை இழுத்தாள். ஆறு மீன்களும் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் வழவழவென்று வந்தன. வேலை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. அறுந்ததை யாருக்கும் அனுப்ப முடியாது. ஆறையும் பைக்குள் போட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் தபால் அலுவலகத்தில் நின்றாள். ஒரு வெள்ளைத் தாளில், ஒரு பக்கம் மட்டும், கறுப்பு மையில் எழுதினாள்: ‘பெட்டி வந்து சேர்ந்தது. ஏரியில் பனி கரைந்துவிட்டது. அம்மா.’ மூன்றாக மடித்து உறையில் போட்டாள். வேறு மாநிலத்து அலுவலகத்தின் முகவரியை நடுவில் எழுதினாள். பிறகு இடது மூலையில் தன் முகவரியை, வழக்கம்போலப் பெரிதாக, எழுதி முடித்துவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று பார்த்தாள். அங்கிருந்து எதுவும் திரும்பி வராது.

ராய்ஸ் அதைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். ஸ்டாம்பு ஒட்டி, பின்னால் இருந்த தொட்டியில் போட்டான்.